பெத்தவன் கிரகம், வளர்த்தவன் திருடன்: கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி ரெண்டாம் பாகம்

படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு பெரிய சண்டை வரும். வாய் முழுக்க பல்லும், உடம்பைச் சுத்தி தொங்குற கைகளுமா ஒரு ராட்சச ஜந்து மேலருந்து வந்து தொப்புனு குதிக்கும், நம்ம ஆளுங்க ஆளுக்கொரு ஆயுதத்தோட பாய்வாங்க. வேற எந்த சூப்பர்ஹீரோ படமா இருந்தாலும் கேமரா அவங்க பின்னாடிதான் ஓடும். இங்க என்ன ஆகுதுன்னா ஒரு அடி உயரம் கூட இல்லாத, நடக்குற மரமான குட்டி க்ரூட்டு ஸ்பீக்கர் ஒயரை இழுத்து சொருகிட்டு ஆட ஆரம்பிச்சிடுது, கேமராவும் தரையோட தரையா அது கூடவே போகுது, பின்னாடி நடக்குற அத்தனை கோடி ரூபா சண்டையும் மங்கலா, யாரோ பக்கத்து வீட்டுல சண்டை போடுற மாதிரி தெரியுது. டீம்ல இருக்கிற பச்சைக் கலர் பொண்ணு கமோரா சுட்டுக்கிட்டே வந்து இதைப் பாத்ததும் 'தள்ளிப் போடா அடிபட்டுடும்'னு அதட்டிட்டு, உடனே முகம் மாறி ஒரு குட்டி டாட்டா காட்டுவா. டீமோட முரட்டு ஆளு டிராக்ஸ் பக்கத்துல வந்து விழுந்ததும் க்ரூட்டு ஆடாம அசையாம சிலை மாதிரி நிக்கும், ஏன்னா முதல் பாகத்துக் கடைசியிலயே டிராக்ஸ் முன்னாடி ஆடக்கூடாதுனு அதுக்குப் பழக்கம். பேசுற ரக்கூன் ராக்கெட் வந்து அது வாயில போட்ட பூச்சியைத் துப்பச் சொல்லி அதட்டுவான். அவ்ளோதான் சீனு, கட் எதுவும் கண்ணுக்குத் தெரியாம ஒரே ஷாட் மாதிரி போகும், எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவோட 1977 பாட்டு ஒண்ணு ஓடிட்டே இருக்கும்.

நான் இந்தப் படத்தைப் பத்தி யார்கிட்ட பேசினாலும் இந்த சீனுலதான் ஆரம்பிப்பேன், ஏன்னா மொத்தப் படமும் இதுக்குள்ள இருக்கு. சண்டை பின்னாடி நடக்கும், முன்னாடி ஒரு குழந்தையை நாலு பேரு அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வளர்த்துட்டு இருப்பாங்க. (அந்த டான்ஸை ஆடிக் காட்டினது டைரக்டர் ஜேம்ஸ் கன்னே தான், அவர் ஆடினதை வச்சுதான் அனிமேஷன் பண்ணாங்க.)

கொஞ்சம் பின்கதை சொல்லிடறேன். முதல் பாகம் 2014 ஆகஸ்ட்ல வந்துச்சு. பேசுற ரக்கூன், நடக்குற மரம், பச்சைக் கலர் பொண்ணுனு ஒரு பெரிய ஸ்டூடியோ படம் எடுக்குதாம்னு சிரிச்சவங்கதான் அதிகம், காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கே இந்தக் கூட்டம் அவ்ளோவா பழக்கமில்ல. அது உலகம் முழுக்க 77 கோடி டாலர் கிட்ட வசூல் பண்ணிடுச்சு. அப்புறம் 2017 மே 5ல ரெண்டாம் பாகம், பட்ஜெட் 20 கோடி டாலர், வசூல் 86 கோடி டாலருக்கு மேல. நம்ம ஊர்ல அதுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடிதான் பாகுபலி ரெண்டாம் பாகம் வந்திருந்துச்சு, அதனால அந்த மாசம் தமிழ்நாட்டு தியேட்டர்ல மகிழ்மதியைத் தாண்டி வேற கிரகத்தைப் பத்தி யோசிக்கிற நிலைமையில யாரும் இல்ல, அது வேற கதை.

முதல் பாகத்துக்கு திரைக்கதை கன்னும் நிக்கோல் பெர்ல்மனும் சேர்ந்து எழுதினது. ரெண்டாவது கன் தனியா எழுதினது. அந்த வித்தியாசம் தெரியும். முதல் படத்துல ஒரு உருண்டை, அதைத் துரத்துற வில்லன், கிரகத்தைக் காப்பாத்தணும்னு ஒரு தெளிவான கோடு இருக்கும். இதுல கதைனு சொல்லப்போனா ரொம்பக் கம்மி. தங்கக் கலர்ல இருக்கிற சாவரின்னு ஒரு திமிர் புடிச்ச கூட்டத்துகிட்ட ராக்கெட் பேட்டரியை ஆட்டையைப் போடறான், அவங்க துரத்துறாங்க, தப்பிச்சு விழுற இடத்துல டீம் தலைவன் குவில்லோட (ஸ்டார்லார்டுனும் பேரு) அப்பா வந்து நிக்கிறாரு. அதுக்கப்புறம் கன் பண்ணதுதான் விஷயம். டீமை ரெண்டா உடைச்சிட்டாரு. குவில், கமோரா, டிராக்ஸ் மூணு பேரும் அப்பாவோட போறாங்க, ராக்கெட்டும் குட்டி க்ரூட்டும் உடைஞ்ச கப்பலோட காட்டுல, கூடவே கைதியா கமோராவோட தங்கச்சி நெபுலா. ஒரு டீம் படத்தோட ரெண்டாம் பாகத்துல பாதி நேரம் டீமையே சேர விடாம வச்சிருக்கிறது பெரிய ரிஸ்க்கு. ஜனங்க காசு குடுத்து வர்றதே இவங்க அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கிறதைப் பாக்கத்தான்.

ஆனா நல்லா கவனிச்சீங்கன்னா அவர் பிரிக்கல, ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சிருக்காரு. குவில்லும் அவன் அப்பா ஈகோவும், கமோராவும் நெபுலாவும், டிராக்ஸும் ஈகோ கூடவே இருக்கிற மான்டிஸும், ராக்கெட்டும் குவில்லை வளர்த்த திருடன் யோண்டுவும். இந்த நாலு ஜோடியும் பேசுறது ஒரே விஷயம்தான், என்னை வளர்த்தவன் எனக்கு என்ன பண்ணான்னு. வளர்த்தவன் தானோஸ் கமோராவையும் நெபுலாவையும் சின்ன வயசுலருந்து மோத விட்டு, தோத்த ஒவ்வொரு தடவையும் நெபுலா உடம்புல ஒரு பாகத்தைப் பிடுங்கிட்டு மெஷினை வச்சான், அவ ஒரு நாள் கூட ஜெயிக்கல, ஜெயிக்கணும்னு நீ நினைச்ச, எனக்கு அக்காதான் வேணும்னு இருந்துச்சுனு அவ கத்துற இடத்துல கேரன் கில்லன் குரல் உடையறதைக் கேட்டா இது ஸ்பேஸ் படம்னே மறந்துடும். முதல் பாகத்துல நீல மேக்கப்புக்குள்ள வெறும் முறைப்பா இருந்த கேரக்டர் அது.

டிராக்ஸா நடிச்ச டேவ் பாடிஸ்டாவை நம்ம பசங்களுக்கு அறிமுகமே பண்ண வேணாம், டபிள்யூடபிள்யூஈ பாத்து வளர்ந்தவன் எவனைக் கேட்டாலும் பட்டிஸ்டானு சொல்லுவான், டிரம்ப் கார்டுல அந்த ஆளு சிக்கினா விட மாட்டோம். அப்படிப்பட்ட ஆள்கிட்ட கன் வாங்கின சிறந்த ஷாட்ல அவர் ஒண்ணுமே பண்ணல. செத்துப்போன பொண்ணோட ஞாபகத்தைப் பத்தி மான்டிஸ்கிட்ட சாதாரணமா சொல்லிட்டு உக்காந்திருப்பாரு, மான்டிஸுக்கு தொட்டா அடுத்தவங்க மனசுல இருக்கிறது தெரியும், அவ அவர் மேல கை வைச்சதும் பொலபொலனு அழ ஆரம்பிச்சிடுவா. டிராக்ஸ் மூஞ்சியில அசைவே இருக்காது, நேரா பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அழுகை ஒருத்தர் உடம்புல, துக்கம் இன்னொருத்தர் உடம்புல. பாம் க்ளெமென்டீஃப்க்கு இதுதான் இந்தக் கூட்டத்துல முதல் படம், ஆனா பத்து வருஷமா கூடவே இருந்த மாதிரி பொருந்திட்டாங்க.

இதே ஜோடியிலதான் எனக்கு எரிச்சலான இடமும் இருக்கு. மான்டிஸ் அசிங்கமா இருக்கானு டிராக்ஸ் ஜோக்கடிக்கிறது ஒரு தடவை சிரிப்பு, ரெண்டாவது தடவை சரி, அதுக்கு மேல போகும்போது எழுதினவருக்கு எங்க நிறுத்தணும்னு தெரியலயோனு தோணும். யோண்டுவைக் கவுத்துட்டு கப்பலைப் பிடிக்கிறவனோட டேசர்ஃபேஸ்ங்கிற பேரை வச்சு ஓட்டுறதும் அதே கேஸ்தான்.

இப்ப அப்பாவுக்கு வருவோம். காமிக்ஸ்ல ஸ்டார்லார்டோட அப்பா ஒரு வேற்று கிரக ராஜா. கன்னுக்கு அது பிடிக்கல, அதைத் தூக்கிட்டு ஈகோங்கிற உயிருள்ள கிரகத்தை அப்பாவா போட்டாரு. ஈகோ 1966ல தோர் காமிக்ஸ்ல ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கினது, ஒரு கிரகத்துக்கு மூஞ்சியும் தாடியும் இருக்கும், பாத்தாலே கிறுக்குத்தனமா இருக்கும். இதுல ஒரு சிக்கல், கன் கதையெல்லாம் எழுதி முடிச்சப்புறம்தான் தெரியுது ஈகோவோட திரைப்பட உரிமை இந்தப் படத்தை எடுக்குற மார்வெல் கையில இல்ல, ஃபாக்ஸ் கம்பெனி கையில இருக்குனு. ஈகோ இல்லாம இந்தக் கதையே நிக்காது. நல்ல நேரம், அதே சமயம் ஃபாக்ஸ் டெட்பூல் எடுத்துட்டு இருந்தாங்க, அதுல நெகாசோனிக் டீனேஜ் வார்ஹெட்ங்கிற பொண்ணோட சக்தியை மாத்திக்கிறதுக்கு மார்வெல் சம்மதம் அவங்களுக்கு வேணும். நீ அதுக்கு ஓகே சொல்லு நான் இதைத் தர்றேன்னு பண்டமாற்று மாதிரி முடிஞ்சுது. ஒரு முழு கிரகத்துக்கு ஒரு பொண்ணோட பவர், நல்ல டீலு.

ஈகோவா கர்ட் ரஸ்ஸல். படம் 1980 மிசௌரில ஆரம்பிக்கும், ஜேம்ஸ் கன்னும் மிசௌரி ஆளுதான். மேக்கப்பும் கிராபிக்ஸும் சேர்த்து ரஸ்ஸலை இளவட்டமா மாத்தியிருப்பாங்க, நீளமான முடியோட காதலியைக் கூட்டிட்டு கார்ல போற அந்த ஆளைப் பாத்தா நமக்கே பிடிச்சிடும். அங்கதான் பொறி. ஒரு மனுஷனை நம்ப வைக்கணும்னா ஜனங்க ஏற்கனவே நம்புற ஒரு நடிகரைப் போடணும், அவர் சிரிச்சாலே சித்தப்பா மாதிரி இருக்கணும். குவில்லுக்கு சின்ன வயசுல அப்பா யாருனு தெரியாது, அதனால டிவில பேசுற கார் வச்சிருந்த டேவிட் ஹாசல்ஹாஃப் போட்டோவை பாக்கெட்ல வச்சுக்கிட்டு இவருதான் எங்கப்பா, ஷூட்டிங்ல இருக்காரு, அதான் வரலனு ஸ்கூல்ல சொல்லிட்டு திரிஞ்சவன். அப்படிப்பட்டவனுக்கு அப்பா நேர்ல வந்து, உன்கிட்டயும் கடவுள் சக்தி இருக்குனு சொல்லி, கையில ஒளிப் பந்தை உருட்டச் சொல்லி, ரெண்டு பேரும் தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடுவாங்க. அமெரிக்காவுல அப்பா பையன் பாசம்னா இந்த பந்து பிடிக்கிற விளையாட்டுதான் அடையாளம், நம்மூர்ல அப்பா சைக்கிள் பின்னாடி பிடிச்சுட்டு ஓடுற மாதிரி. கிறிஸ் பிராட் அப்ப ஒரு சின்னப் பையன் சிரிப்பு சிரிப்பாரு.

அப்புறம் அந்த வாக்கியம் வருது. ஈகோ தன்னோட மாஸ்டர் பிளானைச் சொல்லிட்டே வர்றாரு, ஆயிரக்கணக்கான கிரகத்துல விதை போட்டு வச்சிருக்கேன், எல்லாத்தையும் நானாவே மாத்தப்போறேன், அதுக்கு என் ரத்தத்துல இன்னொருத்தன் வேணும்னு. குவில் மயங்கின மாதிரி கேட்டுட்டு இருப்பான், கண்ணுல நட்சத்திரமா ஓடும். போற போக்குல, உங்கம்மா தலையில அந்தக் கட்டியை வைக்கிறப்ப எனக்கே மனசு கேக்கலனு சொல்லிடுவாரு. அவர் குரல்ல குத்த உணர்ச்சியே இருக்காது, ஏதோ வீட்டை விக்கும்போது கஷ்டமா இருந்துச்சுங்கிற மாதிரி. குவில் கண்ணு ஒரு செகண்டு தெளியும், அடுத்த செகண்டு துப்பாக்கி ரெண்டையும் எடுத்து படபடனு சுட்டுத் தள்ளிடுவான். வசனம் கிடையாது, ஏன் இப்படிப் பண்ணீங்கனு கேள்வி கிடையாது, ஸ்லோமோஷன்ல கண்ணீர் கிடையாது. எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி படங்கள்ல ஒரு ஹீரோ எடுத்த மிக வேகமான சரியான முடிவு இதுதான், மத்த படமா இருந்தா இன்னும் இருபது நிமிஷம் மனசு மாறுமா மாறாதானு இழுத்திருப்பாங்க.

ஆனா படத்தோட நெஞ்சு அங்க இல்ல. யோண்டுகிட்ட இருக்கு.

யோண்டு யாருங்கிறதே சுவாரசியமான விஷயம். கார்டியன்ஸ்ங்கிற பேருல முதன்முதலா ஒரு டீம் வந்தது 1969ல, ஆர்னால்ட் டிரேக்கும் ஜீன் கோலனும் உருவாக்கினது, அதுல குவில்லும் இல்ல ராக்கெட்டும் இல்ல. எதிர்காலத்துல நடக்குற கதை, அதுல நாலு பேரு, அவங்கள்ல ஒருத்தன் வில்லும் அம்பும் வச்சிருக்கிற யோண்டு, தெய்வ பக்தி உள்ள ஒரு நல்ல மனுஷன். இப்ப நாம பாக்குற டீமைச் சேர்த்தது 2008ல டான் ஆப்னெட், ஆண்டி லேனிங்னு ரெண்டு எழுத்தாளருங்க. கன் முதல் பாகம் எடுக்கும்போது பழைய யோண்டுவோட நீலத் தோலையும் விசில் அடிச்சா பறக்குற அம்பையும் மட்டும் எடுத்துக்கிட்டு, ஆளைக் கடத்தல்காரனா மாத்திட்டாரு. மைக்கேல் ரூக்கர் அவரோட பழைய சினேகிதரு, கன்னோட முதல் படத்துலருந்தே கூட இருக்கிறவரு. முதல் பாகத்துல அவர் வர்றது கொஞ்ச நேரம்தான், பூமியிலருந்து தூக்கிட்டு வந்த பையனை, எங்க ஆளுங்க உன்னைச் சாப்பிட்டிருப்பாங்க, நான்தான் காப்பாத்தினேன்னு மிரட்டிக்கிட்டே இருக்கிற முரட்டு ஆளு. ஜோக்குனுதான் நினைச்சோம்.

ரெண்டாம் பாகத்துல அந்த ஜோக்கைப் பிரிச்சுப் போட்டுப் பாக்குறாங்க. ஈகோ தன் பிள்ளைங்களைப் பல கிரகத்துலருந்து கொண்டு வரச் சொல்லி யோண்டுகிட்ட வேலை குடுத்திருக்கான், யோண்டுவும் காசுக்காக ஒவ்வொண்ணா கொண்டு போய் விட்டிருக்கான், அந்தக் குழந்தைங்க என்ன ஆச்சுனு தெரிஞ்சப்புறம் குவில்லை மட்டும் குடுக்காம தானே வச்சுக்கிட்டான். ஏன்டா வச்சுக்கிட்டனு கேட்டா, பொடியனா இருந்தான், சந்துல பொந்துல புகுந்து திருட வசதியா இருக்கும்னு சமாளிப்பான். குழந்தை கடத்தினதுக்காக மத்த ராவஜர் (விண்வெளிக் கொள்ளைக்காரங்க) கூட்டமெல்லாம் அவனைத் தள்ளி வச்சிட்டாங்க, அந்தத் தலைவர் ஸ்டாகரா சில்வெஸ்டர் ஸ்டாலோன். நம்மூர் ஊர்விலக்கு மாதிரியே, உன் சாவுக்கும் வர மாட்டோம்ங்கிற அளவுக்கு. இந்த ஸ்டாலோன் கூட வர்ற மிஷெல் யோ, விங் ரேம்ஸ், மைக்கேல் ரோசன்பாம் எல்லாரும் யாருனு பாத்தா பழைய காமிக்ஸ் கார்டியன்ஸ் கேரக்டருங்கதான், ஒரு ரோபோ தலைக்கு மைலி சைரஸ் குரல் வேற. கன் அந்தப் பழைய டீமையே யோண்டுவோட பழைய கூட்டாளிங்களா கொண்டு வந்து சேத்துட்டாரு. தெரியாதவங்களுக்கு ஸ்டாலோன், தெரிஞ்சவங்களுக்கு ஐம்பது வருஷக் கதை. இதுல ஒரு தமாஷ், ஸ்டாலோனும் ரஸ்ஸலும் 1989ல ஒரு போலீஸ் படத்துல ஜோடியா நடிச்சவங்க, இதுல ரெண்டு பேரும் இருந்தும் ஒரு சீன் கூட சேர்ந்து கிடையாது.

யோண்டுவும் ராக்கெட்டும் ஒரே ஜெயில்ல அடைபட்டுக் கிடக்குறப்ப யோண்டுவோட தலைக் கொண்டையை எடுத்துட்டு வர குட்டி க்ரூட்டை அனுப்புவாங்க, அது உடைஞ்சு போச்சு, இன்னொண்ணு கேப்டன் ரூம்ல இருக்கு, அது இருந்தாதான் அம்பு பறக்கும். க்ரூட்டு போய் முதல்ல யோண்டுவோட ஜட்டியை எடுத்துட்டு வரும். அப்புறம் ஒரு எலி மாதிரி ஜந்து. அப்புறம் எவனோ ஒருத்தனோட செயற்கைக் கண்ணு. அப்புறம் தன்னை விடப் பெரிய மேஜையை இழுத்துட்டு வரும். கடைசியா வெட்டின கால் விரல் ஒண்ணு. ரெண்டு பேரும் பொறுமையா மறுபடி மறுபடி விளக்குவாங்க, கோவப்படாம. வெளிய அவங்க ஆளுங்களைக் கொன்னுட்டு இருக்கானுங்க, உள்ள இந்தக் கூத்து. சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள, இந்த ரெண்டு பேருமே யாரும் இப்படிப் பொறுமையா எதையும் சொல்லிக் குடுக்காம வளர்ந்தவங்கனு உறைக்கும். யோண்டுவைப் பெத்தவங்க க்ரீங்கிற வேற்று கிரகக் கூட்டத்துக்கு அடிமையா வித்துட்டாங்க, இருபது வருஷம் அடிமை. ராக்கெட் லேப்ல வெட்டி ஒட்டின பிராணி. நீ எல்லாரையும் ஏன் விரட்டுறனு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் நீதான்னு யோண்டு அவனைப் பாத்துச் சொல்றது அப்புறம் வரும்.

ராக்கெட்டை எப்படி எடுத்தாங்கனு தெரிஞ்சா அந்த சீனுக்கு இன்னும் மதிப்பு கூடும். ராக்கெட் குரல் பிராட்லி கூப்பர், ஆனா அவர் செட்டுக்கே வரல. செட்டுல முட்டி போட்டு, குனிஞ்சு, எதிர்ல இருக்கிறவங்க கண்ணைப் பாத்து வசனம் பேசினது டைரக்டரோட தம்பி ஷான் கன். அவரே யோண்டுவோட வலது கை கிராக்லினாவும் நடிக்கிறாரு. அப்புறம் கூப்பர் குரல், அதுக்கு மேல அனிமேஷன்காரங்க வேலை. க்ரூட் குரல் வின் டீசல், சின்னக் குழந்தை மாதிரி இருக்கணும்னு சுருதியை ஏத்தியிருக்காங்க. ஒரே வாக்கியத்தைத் தானே திருப்பித் திருப்பி சொல்றாருனு கிண்டல் பண்ணுவாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் க்ரூட் உண்மையில என்ன சொல்லுதுனு எழுதின தனி ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்கு, அது கன்கிட்டயும் டீசல்கிட்டயும்தான் இருக்குமாம். இன்னொண்ணு, இந்தக் குட்டி பழைய க்ரூட் இல்ல, அது செத்துப்போச்சு, இது அதோட பிள்ளைனு கன்னே சொல்லியிருக்காரு. அப்பன் இல்லாத பிள்ளை, அதையும் சேத்துக்கங்க கணக்குல.

கடைசிச் சண்டை நீளம்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டைக்கு வரல, நீளம்தான். கிரகமே வில்லன்கிறதால எங்க பாத்தாலும் பாறையும் ஒளியுமா பறக்கும், 8கே கேமராவுல எடுத்த முதல் படங்கிறதெல்லாம் சரி, கண்ணு கொஞ்ச நேரத்துல சலிச்சிடுது. ஆஸ்கர்ல விஷுவல் எஃபெக்ட்ஸ் நாமினேஷன் வாங்கி, பிளேட் ரன்னர் 2049 கிட்ட தோத்துச்சு. ஆனா அந்த இரைச்சலுக்கு நடுவுல ஈகோ குவில்லோட வாக்மேனைக் கையில வச்சு நசுக்குவான், அம்மா குடுத்தது, முதல் பாகம் முழுக்க அவன் உசுரைக் குடுத்து காப்பாத்தினது.

கிரகம் வெடிக்கப் போகுது, எல்லாரும் கப்பல்ல, குவில்லைக் காணோம். ராக்கெட்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஸ்பேஸ் சூட்டு, பறக்குற கருவியும் ஒண்ணுதான், அதை யோண்டுகிட்ட குடுத்து அனுப்பிட்டான். கமோரா நான் திரும்பப் போறேன்னு இறங்கும்போது ராக்கெட் அவளை ஷாக் குடுத்து மயங்க வச்சிடுவான், இன்னிக்கு ஒரு நண்பனை இழக்கிறதுதான் என்னால முடியும்னு சொல்லுவான். ரெண்டு பேரு மேல போனா ஒரு சூட்டுக்கு என்ன ஆகும்னு அவனுக்கும் யோண்டுவுக்கும் முன்னாடியே தெரியும். மேல வானத்துல யோண்டு அந்த சூட்டை குவில் மேல ஒட்டிட்டு, உன்னைப் பெத்தவன் அவனா இருக்கலாம்டா, ஆனா அப்பா அவன் இல்லடாங்கிற அர்த்தத்துல சொல்லுவான். இங்கிலீஷ்ல அது ஃபாதர், டாடினு ரெண்டு வார்த்தையில நிக்குது, நமக்கு பெத்தவன் வளர்த்தவன்னு ஏற்கனவே இருக்கு, விளக்கவே வேணாம். அப்புறம் அவன் மூஞ்சில பனி படிஞ்சு வெள்ளையாகும், குவில் முகத்தைப் பிடிச்ச கை அப்படியே நிக்கும்.

இறுதிச்சடங்குல கிராக்லின் குவில்கிட்ட ஒரு சின்ன சாமானைக் குடுப்பான். மைக்ரோசாஃப்ட்டோட சூன், ஐபாடுக்குப் போட்டியா 2006ல வந்து, ஓடாம 2011லயே நிறுத்தின பிளேயர். பழைய சாமான் கடையில பாத்து நீ திரும்பி வந்தா குடுக்கலாம்னு கேப்டன் வாங்கி வச்சிருந்தாருனு சொல்லுவான். 300 பாட்டு இருக்காம்னு குவில் வாயைப் பிளப்பான். தியேட்டர்ல சூன்னு பேரைக் கேட்டு சிரிச்சவங்க உண்டு, சிரிச்சுட்டே மூக்கை உறிஞ்சினவங்களும் உண்டு. அதுக்கப்புறம் வெளிய பாத்தா ஊர்விலக்கு வச்ச ராவஜர் கப்பலெல்லாம் வரிசையா வந்து நின்னு வாணவேடிக்கை விடும், ராக்கெட்தான் சேதி அனுப்பியிருக்கான். அவன் திட்டினப்பவும், எல்லாரையும் தூர விரட்டினப்பவும், தேவையே இல்லாத பேட்டரியைத் திருடினப்பவும் கூட யோண்டுவை விட்டு யாரும் போகலயேனு முனகுவான், அவன் சொல்றது யோண்டுவைப் பத்தி மட்டும் இல்லனு குவில்லுக்கும் தெரியும். பேட்டரி திருடினது யாருனு நமக்குத் தெரியுமே.

படம் ராக்கெட் மூஞ்சில முடியும், கண்ணு ரெண்டும் நனைஞ்சு. அதுக்கப்புறம் டைட்டில்ல அஞ்சு துணுக்கு வரும், அதுல முதல் துணுக்குல கிராக்லின் யோண்டுவோட அம்பை விசில் அடிச்சுப் பறக்க விட்டுப் பழகிட்டு இருப்பான், கொஞ்சம் அசைஞ்சதும் குஷியாகி இன்னும் வேகமா அடிப்பான், அது போய் அந்தப் பக்கம் டிராக்ஸ் மேல குத்தும், அவர் கத்துற சத்தம் கேட்டதும் சத்தமில்லாம நழுவிடுவான்.